கடலுக்குள் ஒரு காட்டாறு



பல ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்திலிருந்து நான்கு குடும்பத்தார் ஒன்றாகச் சேர்ந்து கடற்கரைப் பக்கம் உல்லாசப் பயணம் போயிருந்தோம். ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு சிறிய படகுத்துறை. தலைக்கு இவ்வளவு என்று பேசிப் பணமும் கொடுத்துவிட்டோம். கட்டுச்சோறு கூடையில் இருந்தது. பிள்ளைகள் படகில் ஏற ஒற்றைக் காலில் நின்றார்கள். படகோட்டியான மலாய்ப் பெரியவர் மட்டும் அவசரப்படவில்லை. பலகையில் உட்கார்ந்தபடியே, "துங்கு ஆயர்" என்றார். தண்ணீருக்குக் காத்திருங்கள் என்று பொருள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணெதிரே ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறது. இவர் எந்தத் தண்ணீருக்குக் காத்திருக்கச் சொல்கிறார்? "காசை வாங்கிக்கொண்டு காக்க வைக்கிறானே" என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். பெரியவர் பதில் பேசவில்லை. அவ்வப்போது ஒரு தேங்காய் மட்டையை எடுத்து ஆற்றில் போடுவார், அது கடலை நோக்கி விரைந்து போவதைப் பார்ப்பார், மீண்டும் உட்கார்ந்துகொள்வார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அவர் போட்ட மட்டை எங்கும் போகாமல் அப்படியே நின்றது. உடனே எழுந்து, "ஜோம்" என்று எங்களை அழைத்தார். முகத்துவாரத்தைப் படகு பூப்போலத் தாண்டியது.

அந்தத் தேங்காய் மட்டை சொன்ன பாடத்தைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம். கடலிலும் காட்டாறு போலச் சீறி ஓடும் நீர் உண்டு. அதை எப்படிக் கடப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் கடல் ஏன் ஏறி இறங்குகிறது என்பதைப் பார்ப்போம். சந்திரனும் சூரியனும் பூமியைத் தம் பக்கம் ஈர்க்கின்றன. சூரியன் பெரியது என்றாலும் வெகு தொலைவில் இருப்பதால், இந்த வேலையில் சந்திரனுக்கே முதலிடம். அதன் இழுப்பினால் கடல்நீர் இரண்டு பக்கங்களில் சற்றே மேடாகிறது. பூமி சுழலும்போது பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. மலாய் மொழியில் ஏற்றத்தை ஆயர் பாசாங் என்றும், இறக்கத்தை ஆயர் சூருட் என்றும் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை எட்டு மணிக்கு நீர் நிறைந்திருந்தால், நாளை அது ஏறக்குறைய எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு நிறையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது.

சரி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் இந்த நீர் எப்படிக் காட்டாறு ஆகிறது? இதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. கேரித் தீவு போன்ற கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குப் பண்டும் தெரியும், தண்ணீர்க் கதவும் தெரியும். கடல்நீர் உள்ளே வராமல் இருக்க மண்ணால் உயரமான பண்டு கட்டியிருப்பார்கள். தோட்டத்து வாய்க்கால் நீர் வெளியே போக, பண்டில் ஒரு கதவு இருக்கும். வெளியே கடல் இறங்கியிருக்கும்போது கதவைத் திறந்தால் என்ன நடக்கும்? உள்ளே உயரமாக நிற்கும் நீர் அந்தச் சிறு வழியில் முண்டியடித்துக்கொண்டு வெளியே பாயும். சற்று முன்பு வரை வாத்து நீந்திய வாய்க்கால்தான். கதவருகே மட்டும் ஆளைத் தள்ளும் வேகம். உள்நீரும் வெளிநீரும் சமமானால் ஓட்டம் நின்றுவிடும். கடல் மேலும் ஏறினால் நீர் எதிர்த்திசையில் உள்ளே பாயப் பார்க்கும். அதற்கு முன்பே கதவை மூட வேண்டும்.

இதே ஏற்பாட்டை இயற்கை மிகப் பெரிய அளவில் செய்து வைத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பண்டுக்குப் பதில் மலையும் தீவும். கதவுக்குப் பதில் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு குறுகிய நீரிடுக்கு. ஒரு பக்கத்துக் கடல் முதலில் ஏறுகிறது. மறு பக்கத்துக் கடல் பின்னால் ஏறுகிறது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைச் சரிசெய்ய, அந்த இடுக்கு வழியே நீர் பாய்கிறது. ஆற்றிலுள்ள பாய்ச்சல் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும். கடலிடுக்கின் பாய்ச்சல் அப்படியல்ல. அது ஒரு திசையில் ஓடி, நின்று, திரும்பி மறு திசையில் ஓடும். நாளுக்குச் சுமார் நான்கு முறை அது நிற்கிறது. இந்த நிற்கும் நேரம்தான் படகோட்டிக்கு உயிர்.

இதற்குப் பேர்பெற்ற இடம் ஒன்று கனடா நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதன் பெயர் சீமோர் நீரிடுக்கு. நீளம் சுமார் ஐந்து கிலோமீட்டர். அகலம் சராசரியாக 750 மீட்டர். அலாஸ்காவுக்குப் போகும் கப்பல்களும், மரக்கட்டைகளை இழுத்துச் செல்லும் படகுகளும், மீன்பிடிப் படகுகளும், விடுமுறைக்கு வரும் குடும்பப் படகுகளும் இந்த வழியாகத்தான் போகின்றன. வெளிப்புறத்துப் பெருங்கடலின் அலைக்கு அஞ்சி எல்லாரும் தீவுகளின் மறைவில் உள்ள இந்த வழியை நாடுகிறார்கள்.

ஆனால் மறைவில் வேறொரு பயம் காத்திருக்கிறது. பெரிய ஏற்றத்து நாட்களில் இங்கே நீரின் வேகம் 15 நாட் வரை போகும். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தையே நாட் என்கிறார்கள். 15 நாட் என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர். சாதாரணக் குடும்பப் படகின் வேகம் ஆறு, ஏழு நாட்தான். எதிர்நீரில் அந்தப் படகு முழு மூச்சாக ஓடினாலும், கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது பின்னோக்கியே போவதாகத் தெரியும். நீரோட்டத்தோடு போனால், ஆறு நாட் படகு 21 நாட் வேகத்தில் பறக்கும். நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. போதாததற்கு நீர்ச்சுழிகள் வேறு.

அந்த நாளில் இந்த இடுக்கின் நடுவே இரண்டு முகடுகள் கொண்ட ஒரு பாறையும் இருந்தது. ரிப்பிள் ராக் என்று அதற்குப் பெயர். சிற்றலைப் பாறை என்று நாம் சொல்லலாம். பெயர் சிறிது; செய்த அழிவு பெரிது. கடல் நன்றாக இறங்கிய நேரத்தில் அதன் ஒரு முகடு நீர்மட்டத்துக்குக் கீழே 2.7 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. 1875-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் சரனாக் என்ற நீராவிக் கப்பல் அதில் மோதி மூழ்கியது. பிறகு வந்த ஆண்டுகளில் பெரிய கப்பல்கள் இருபது வரையிலும், சிறு படகுகள் நூற்றுக்கு மேலும் அங்கே சேதமடைந்தன அல்லது மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மீன்பிடித்தும், சரக்கு ஏற்றியும், மரம் இழுத்தும் பிழைத்தவர்களும் உண்டு. வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை என்ற செய்தியின் கனம் என்ன என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பாறையை அகற்ற வேண்டும் என்று 1931-ஆம் ஆண்டிலேயே ஒரு குழு சொல்லியது. அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கப் பாலம் போட்டால் அந்தப் பாறை தூணுக்கு அடித்தளமாகும் என்பது அவர்களின் எண்ணம். 1943-இல் முதல் முயற்சி நடந்தது. பாறைக்கு நேர் மேலே ஒரு மிதவையை நிறுத்தி, அதிலிருந்து துளைபோட்டு வெடிவைக்கப் பார்த்தார்கள். மிதவையைப் பிடித்திருந்த தடித்த எஃகுக் கயிறுகளில் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒன்று அறுந்துகொண்டே இருந்தது. 1945-இல் இரு கரைக்கும் மேலே கம்பி இழுத்து, அதில் மிதவையைக் கட்டிப் பார்த்தார்கள். அதுவும் கைகூடவில்லை. ஓடும் நீரோடு மல்லுக்கட்ட முடியாது என்று இரண்டு தோல்விகளும் சொல்லிவிட்டன.

பிறகுதான் ஒரு நல்ல யோசனை பிறந்தது. நீருக்கு மேலே நின்று போராடுவதை விட்டு, நீருக்கு அடியில் போனால் என்ன? பக்கத்திலிருந்த மோட் தீவில் 174 மீட்டர் ஆழத்துக்குக் கிணறுபோல் ஒரு குழி தோண்டினார்கள். அங்கிருந்து கடலின் தரைக்கும் கீழே 762 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். பாறையின் அடியை அடைந்ததும் இரண்டு முகடுகளுக்குள்ளும் மேல்நோக்கிக் குடைந்தார்கள். 1955 நவம்பரில் தொடங்கி, சராசரியாக 75 பேர் மூன்று ஷிப்டுகளாக 27 மாதங்கள் உழைத்தார்கள். தலைக்கு மேலே அந்தக் கொடிய நீர் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் கீழே கல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் 1,270 டன் வெடிமருந்தை உள்ளே அடுக்கினார்கள்.

1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் காலை 9 மணி 31 நிமிடத்துக்கு வெடித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்களைக் காவல் துறையினர் முன்கூட்டியே அப்புறப்படுத்தி இருந்தார்கள். கனடா நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் அதை நேரடியாகப் பார்த்தார்கள். கல்லும் நீருமாக 6 இலட்சத்து 35 ஆயிரம் டன் மேலே எழுந்தது. 300 மீட்டர் உயரத்துக்குச் சிதறி இரு கரைகளிலும் விழுந்தது. புகை அடங்கிய பிறகு அளந்து பார்த்தபோது, முகடுகள் 14, 15 மீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தன. கப்பலின் அடி தட்டும் பயம் தீர்ந்தது.

நேயர்களே, கதை இத்துடன் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. பாறை போயிற்று, நீர் போகவில்லை. சந்திரன் வானில் இருக்கும் வரை அந்த இடுக்கில் ஏற்றமும் இறக்கமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாறை தகர்ந்து 26 ஆண்டுகள் ஆன பிறகு, 1984 ஜூன் மாதத்தில், சன்டான்சர் என்ற பெரிய உல்லாசக் கப்பல் அதே இடத்தில் மோட் தீவின் கரையில் மோதி அடிப்பாகம் கிழிந்தது. எப்படியோ அருகிலிருந்த ஒரு துறையைச் சென்று சேர்ந்ததால் பயணிகள் கரையேறித் தப்பினார்கள். கப்பல் துறையிலேயே சாய்ந்து அமிழ்ந்தது. வெடிமருந்து பாறையை அகற்றும், கவனக்குறைவை அகற்றாது. அன்றும் இன்றும் அங்கே பாதுகாப்பாகப் போக ஒரே வழிதான் உண்டு. நீர் நிற்கும் நேரத்தில் போக வேண்டும்.

அந்த நேரத்தை எப்படி அறிவது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கரையில் நீர் முழுக்க ஏறிவிட்டது, ஆகவே இடுக்கிலும் ஓட்டம் நின்றிருக்கும் என்று எண்ணிப் படகை விடுகிறார்கள். நம் தண்ணீர்க் கதவை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெளியே கடல் உச்சிக்கு ஏறிய நேரத்தில், உள்ளே வாய்க்கால் இன்னும் நிறைந்திருக்காது. கதவு திறந்திருந்தால் நீர் உள்ளே பாய்ந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாகும்போதுதான் ஓட்டம் நிற்கும். அது ஏற்றம் முடிந்து நெடுநேரம் கழித்தும் இருக்கலாம். ஆகவே கனடா நாட்டில் ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அட்டவணையும், இடுக்குகளில் ஓட்டம் நிற்கும் நேரத்துக்குத் தனி அட்டவணையும் வெளியிடுகிறார்கள். படகோட்டி பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது அட்டவணையை.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த நாட்டில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் இருந்து வந்தது. அட்டவணையோ நெடுங்காலம் பழைய நேரப்படியே அச்சாகி வந்தது. ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள மறந்தவர், நீர் நிற்கும் நேரம் என்று நம்பி கடும் ஓட்டத்துக்குள் போய்விடுவார். தாமதத்தின் விலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உச்ச வேகம் 15 நாட் ஆகும் நாளில், நீர் நின்று அரை மணி நேரத்தில் ஓட்டம் ஏறக்குறைய நான்கு நாட் ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் ஏழு நாட்டைத் தாண்டும். அதற்குள் நம் குடும்பப் படகின் பலம் தீர்ந்துவிடுகிறது. பெரிய ஏற்றத்து நாட்களில் நீர் நிற்பது சில நிமிடங்கள்தான்.

அனுபவமுள்ள படகோட்டி என்ன செய்கிறார் என்று பாருங்கள். குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்பே வந்துவிடுகிறார். இடுக்கின் தென்பக்கம் மென்சீஸ் குடா என்ற அமைதியான இடம் இருக்கிறது. வடபக்கம் பிளம்பர் குடா. அங்கே ஒதுங்கி நிற்கிறார். அந்த நேரத்தில் பெரியவர், பிள்ளைகள் எல்லாருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி நாடாவை இறுக்குகிறார். உருளக்கூடிய சாமான்களைக் கட்டுகிறார். எண்ணெய் போதுமா என்று பார்க்கிறார். வானொலியில், எதிரே பெரிய கப்பலோ, கட்டை இழுக்கும் படகோ வருகிறதா என்று கேட்டறிகிறார். காற்று நீரோட்டத்துக்கு எதிராக அடிக்கிறதா என்று கவனிக்கிறார். அடித்தால் அலை செங்குத்தாக எழும். சிறிய படகு தாங்காது. அப்படியானால் அடுத்த நேரம் வரை, ஆறு மணி நேரமானாலும், காத்திருக்கிறார்.

எதிர்நீர் தளர்ந்து கடைசி மூச்சு விடும் வேளையில் அவர் புறப்படுகிறார். போகப் போக நீர் நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்பி அவரையே முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. வழியில் சிறு சுழிகள் இருந்தால் அவற்றின் ஓரமாக விலகிப் போகிறார். பயந்து இயந்திரத்தை மட்டும் நிறுத்துவதில்லை. இயந்திரம் நின்றால் சுக்கானுக்குப் பிடிப்பு இல்லை. படகு நீரின் கைக்குப் போய்விடும்.

இந்தக் கலை வெளிநாட்டாருக்கு மட்டும் உரியது அல்ல. நம் நாட்டிலேயே சரவாக்கில், ஸ்ரீ அமான் நகரை ஒட்டி ஓடும் பாத்தாங் லுப்பார் ஆற்றில், பெனாக் என்ற ஓத அலை வருகிறது. கடல் ஏற்றம், வாய் அகன்று உள்ளே குறுகும் அந்த ஆற்றுக்குள் நெருக்குண்டு, சுவர்போல எழுந்து மேலேறி வரும். 1921-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மாம் அந்த ஆற்றில் பயணம் செய்தபோது பெனாக்கில் சிக்கினார். படகு கவிழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார். இன்று பெனாக் வரும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். அதைக் காண மக்கள் கரையில் கூடுகிறார்கள். நேரம் தெரியாதவனுக்கு எமன். தெரிந்தவனுக்கு அதுவே திருவிழா.

ஆகவே, நேயர்களே, விடுமுறையில் கடலுக்கோ முகத்துவாரத்துக்கோ படகில் போகும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். நம் நாட்டிலும் ஜடுவல் பாசாங் சூருட் என்ற ஏற்ற இறக்க அட்டவணை உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் பெரிய நாட்களில் நீர் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. புறப்படும் நேரத்தை மட்டும் கேட்காமல், திரும்பும் நேரத்தில் நீர் எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "போதும், புறப்படுங்கள்" என்று படகோட்டியை நெருக்காதீர்கள்.

அன்று எங்கள் பெரியவரை முணுமுணுத்தவர், திரும்பி வரும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சற்றுமுன் நாம் போக நினைத்த நேரத்தில் முகத்துவாரம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தம் உள்ளங்கையைச் செங்குத்தாக நிமிர்த்திக் காட்டினார். வெளியேறும் நீரும் கடற்காற்றும் மோதி எழுப்பும் அலையை அந்தக் கை காட்டியது. நண்பர் தம் மகனை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லை. கட்டுச்சோறு மட்டும் சற்று ஆறிப்போயிற்று.